சாட்ஸ் வேறு, புலமைப்பரிசில் வேறு

லண்டன் வகுப்பறை – 6

சித்திரை பிறந்துவிட்டால் ஈஸ்ட்ஹாம், ஹரோ, ரூட்டிங் பக்கத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் வாசலில் பேச்சு மாறிவிடும். “அக்கா, உங்கட மகனுக்கு மொக் டெஸ்ட்டில எத்தினை?” என்று தொடங்கி, எந்த ரியூசன் வாத்தியார் நல்லவர் என்பதில் வந்து நிற்கும். இயர் 6 பிள்ளைகளுக்கு சாட்ஸ் தொடங்க இன்னும் நாலு கிழமைதான்.

இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் படித்த நமக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பேர்பெற்ற பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கலாம். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் வரும். தாண்டாவிட்டால் சொந்தக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஒரு வருசம் போகும். அதே வயதில் இங்கே நம் பிள்ளையும் பரீட்சை எழுதப் போகிறது என்றதும், இதுவும் அதுதான் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஆனால் திகதிகளை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். செக்கண்டரி பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒக்டோபர் 31. எந்தப் பள்ளி கிடைத்தது என்று தெரிவது மார்ச் 1 அளவில். சாட்ஸ் நடப்பது மே மாதத்தில், முடிவு வருவது யூலையில். பள்ளி கிடைத்து இரண்டு மாதம் கழித்து எழுதும் பரீட்சை அந்த இடத்தை எப்படித் தீர்மானிக்கும்? புலமைப்பரிசிலுக்குக் கிட்ட வருவது இலெவன் பிளஸ். கிங்ஸ்டன், சட்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் போன்ற இடங்களின் கிராமர் பள்ளிகள் தங்கள் இடங்களுக்காக நடத்துவது அது. விரும்பியவர்கள் மட்டும் பதிவுசெய்து எழுதுவது.

சாட்ஸ் முதலில் அளப்பது பள்ளிக்கூடத்தைத்தான். பிள்ளைகளை எந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று அரசு பார்க்கிறது. செக்கண்டரியில் சில பள்ளிகள் இந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பிள்ளைகளைக் கணித, ஆங்கிலக் குழுக்களாகப் பிரிப்பதுண்டு. ஆகவே அக்கறை வேண்டும், காய்ச்சல் வேண்டாம்.

நாலு நாளில் ஆறு வினாத்தாள்: இலக்கணமும் எழுத்துக்கூட்டலும் இரண்டு, வாசிப்பு ஒன்று, கணிதம் மூன்று. கட்டுரை எழுதுவதற்குப் பரீட்சை இல்லை, அதை வகுப்பாசிரியரே மதிப்பிடுவார். எடுத்த புள்ளியை 80 முதல் 120 வரையான அளவுக்கு மாற்றித் தருவார்கள். 100 வந்தால் எதிர்பார்த்த நிலையை எட்டியதாகக் கணக்கு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 2023இல் வாசிப்பு வினாத்தாள் மிகக் கடினம் என்று நாடே பேசியது. அந்த வருசம் 50க்கு 24 எடுத்த பிள்ளைக்கே 100 கிடைத்தது. மொக்கில் பாதிக்குக் கீழே எடுத்துவிட்டான் என்று வீட்டில் பூகம்பம் கிளப்புமுன் இதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? கணிதத்தில் முதல் தாள் அரைமணி நேரம், 40 புள்ளி. நீள் பெருக்கலுக்கும் நீள் வகுத்தலுக்கும் இரண்டிரண்டு புள்ளி. விடை பிழைத்தாலும், வழியை முறையாக எழுதி ஓரிடத்தில் மட்டும் சறுக்கியிருந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். மனக்கணக்காகப் போட்டுப் பிழையான விடையை மட்டும் எழுதினால் ஒன்றுமில்லை. ஆகவே நமக்குத் தெரிந்த குறுக்குவழியைப் புகுத்தவேண்டாம். பிள்ளை “பஸ் ஸ்டொப்” என்றால் அது வகுத்தல் முறைதான். வகுப்பில் எப்படிச் செய்கிறார்கள் என்று அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வாய்ப்பாடு நம் ஆட்களின் பலம். இயர் 4இல் அதற்கென்றே கணினியில் ஒரு சோதனை இருக்கிறது: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. ஓரேழு ஏழு என்று ராகம் போட்டு வரிசையாய்ப் பாடமாக்கிய பிள்ளை, திடீரென்று ஏழெட்டு எத்தனை என்றால் முதலிலிருந்து பாடித்தான் வரும். அதற்குள் ஆறு விநாடி போய்விடும். சாப்பிடும்போதும் காரில் போகும்போதும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

வாசிப்புத் தாளில் ஒரு மணி நேரத்தில் மூன்று பகுதிகளைப் படித்துப் பதிலும் எழுதவேண்டும். கதையில் வருபவன் ஏன் அப்படிச் செய்தான், எதை வைத்துச் சொல்கிறாய் என்ற மாதிரிக் கேள்விகளில்தான் புள்ளிகள் நழுவும். இந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலம் தேவையில்லை. அம்மம்மா தமிழில் கதை சொல்லி, “நரி ஏன் பேசாமப் போனது? உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாலும் அதே பயிற்சிதான். சாட்ஸ் வருகிறது என்று வீட்டில் தமிழ்ப் பேச்சையும் சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்துகிறவர்கள் கையில் இருப்பதை விடுகிறார்கள்.

பழைய வினாத்தாள்களும் புள்ளியிடும் குறிப்புகளும் அரசின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒரு தாள் போதும். செய்து முடித்ததும் புள்ளியைக் கூட்டாமல், பிழைத்த கேள்விகளில் இரண்டை எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள்.

அடுத்த கிழமை: இயர் 1 பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் பாதி, எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள். ஏன்?

(தொடரும்)