நெருப்போரம் பழகிய குரல்

தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கி மேற்கு ஆஸ்திரேலியா வரை நீண்டு கிடக்கிறது நல்லர்பார் சமவெளி. ஏறக்குறைய 2,00,000 சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புக்கல் பூமி. லத்தீனில் அந்தப் பெயருக்கே ‘மரமில்லை’ என்றுதான் பொருள். ஆஸ்திரேலிய கன்ட்ரி பாடகி கேசி சேம்பர்ஸ் கைக்குழந்தையாகப் போய்ச் சேர்ந்த இடம் அது.

1976-இல் மவுன்ட் கேம்பியரில் பிறந்தார். அப்பா பில், நரி வேட்டையாடித் தோல் விற்றுப் பிழைத்தவர். அம்மா டயேன், அண்ணன் நாஷ், கேசி என நால்வருக்கும் ஒரு வண்டியும் பக்கத்தில் மூட்டிய நெருப்பும்தான் வீடு. அம்மாதான் வாத்தியார். டிவி கிடையாது. பொழுது சாய்ந்தால் அப்பா கிடாரை எடுப்பார். ஜிம்மி ராஜர்ஸ், ஹேங்க் வில்லியம்ஸ் என்று பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டுகள். கூடச் சேர்ந்து பாட வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் பாடினார்கள்.

கேசியின் குரல் மெல்லியது. லேசாக மூக்கில் பட்டு வரும். குழந்தைத்தனம் அதில் இன்னும் மிச்சமிருக்கும். எல்லோருக்கும் அது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், ‘இப்படிப் பாடாதே’ என்று திருத்த ஆளில்லாத வெட்டவெளியில் வளர்ந்த குரல் என்றே தோன்றும். நல்லவேளை, யாரும் திருத்தவில்லை.

அந்தச் சமவெளியில் சுமார் பத்து வருடம் கழித்தபின், சவுத்எண்ட் என்ற மீன்பிடி ஊருக்குத் திரும்பினார்கள். குடும்பமே ‘டெட் ரிங்கர் பேண்ட்’ என்ற இசைக்குழுவானது. ஊர் ஊராக வண்டி ஓட்டி, பப்களில் வாசித்து, ஆஸ்திரேலியாவின் பெரிய இசை விருதான ஏரியாவையும் வாங்கினார்கள். 1998-இல் பெற்றோர் பிரிந்தார்கள். குழுவும் கலைந்தது.

வீடும் மேடையும் ஒன்றாக இருந்த பெண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போயின. ஆனாலும் அண்ணன் நாஷ் தயாரிப்பாளராகத் துணை நிற்க, நார்ஃபோக் தீவில் தன் முதல் தனி ஆல்பத்தைப் பதிவுசெய்தார் கேசி. 1999-இல் வெளிவந்த ‘தி கேப்டன்’ சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான ஏரியாவைப் பெற்றது. அடுத்த ஆண்டு, பாப் பாடகிகளையும் தாண்டி, சிறந்த பாடகி விருது. அப்போது அவருக்கு வயது 24.

அப்படியும் வணிக வானொலிகள் அவர் பாட்டைப் போடவில்லை. அந்த ஆதங்கத்திலேயே ஒரு பாட்டு எழுதினார்: ‘நாட் ப்ரிட்டி எனஃப்’. 2002-இல் அது நாட்டின் பாடல் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. மேடையில் அவர் அதைப் பாடும்போது கூடவே கிடார் வாசித்தவர், அதே பில்.