கோவில் யானைக்குக் கருணைக் கொலையா?

ஜலகண்டாபுரத்தில் இருந்து சேலம் போகிறவர்களில் பலர் சுகவனேசுவரர் கோவில் யானை ராஜேசுவரியைப் பார்த்து இருப்பார்கள். 2018-ம் ஆண்டு அந்த யானை படுத்த படுக்கை ஆயிற்று. எழுந்து நிற்க முடியவில்லை.

யானை படுத்தே கிடந்தால் அதன் எடையே அதற்கு எமன்! உடம்பின் பாரம் நுரையீரலை அமுக்கும். தோலில் புண் விழும்.

வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. கால்நடை டாக்டர் சோதிக்க வேண்டும், உயிரோடு வைப்பதே கொடுமை என்று அவர் சொன்னால் கருணைக் கொலை செய்யலாம் என்று ஏப்ரல் மாதம் ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

"ஐயோ, கோவில் யானையையா?" என்று மனம் பதறும். பதறத்தான் செய்யும். ஆனால், பதறுவது யானைக்காகவா, நமக்காகவா? பார்த்து அழுகிற நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அது அங்கேயே கிடக்கும்.

பாசம் தவறு அல்ல. பாசம் இல்லாவிட்டால் ஒரு யானைக்காக யார் கோர்ட்டு ஏறுவார்கள்? ஆனாலும் ஊசி போடலாமா, வேண்டாமா என்பதைக் கண்ணீர் முடிவு செய்யக் கூடாது. வலி எவ்வளவு, பிழைக்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கால் முறிந்த காளை, எழ முடியாத கிழப் பசு உள்ள வீட்டிலும் இதே கேள்விதான்.

இன்னொன்றும் கேட்கலாம். படுத்த யானையைப் பார்த்து வருகிற இரக்கம், கல் தரையில் சங்கிலியோடு நிற்கிற யானையைப் பார்த்தால் ஏன் வருவது இல்லை? அப்போது நமக்கு ஆசீர்வாதம் அல்லவா தேவைப்படுகிறது!

ஊசிக்கு வேலை வரவில்லை. 2018 ஏப்ரல் 21-ந் தேதி ராஜேசுவரி தானாகவே இறந்தது.