ஆச்சியோட பழைய காசு... யானையா, பன்றியா? கண்டுபிடிப்பது எப்படி?

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருக்கீங்க. ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு சுருக்குப்பை நிறைய பழைய காசைக் கொட்டுறாங்கனு வெச்சுக்குவோம். ‘இந்தக் காசுக்குப் பல லட்சம்’னு உங்க வாட்ஸ்அப்புக்கும் ஒரு வீடியோ வந்திருக்கும். அதை நம்புறதுக்கு முன்னாடி, கையில் இருப்பது என்ன காசுனு தெரிஞ்சுக்கணும்ல?

ஆண்டுக்குக் கீழே பாருங்க

ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு... ஆனாலும் இரண்டு காசுகள் வேறு வேறு ஊரில் அச்சானவையாக இருக்கலாம். இன்றைய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையா? அது கொல்கத்தா.

தேய்ந்த காசில் டைமண்டும் புள்ளி மாதிரிதான் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடிச்சு, மொபைல் கேமராவில் ஜூம் பண்ணிப் பாருங்க. இன்னொரு க்ளூ: நொய்டா ஆலை தொடங்கியதே 1988-ல்தான். அதற்கு முந்தைய காசில் புள்ளி இருந்தால், அது நொய்டா இல்லை!

‘பன்றி ரூபாய்’

1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயில், அவர் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை ரொம்பக் குட்டையாக அமைந்ததால், அது பன்றி போலத் தெரிய, எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பாலான காசுகளை உருக்கிவிட்டார்கள். 1912-ல் தும்பிக்கையைத் தெளிவாக்கி வெளியிட்டார்கள். அதனால்தான் சேகரிப்பாளர்கள் 1911-ஐத் தேடுகிறார்கள். பின்பக்கம், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா.

நோட்டுப் போடுங்க

மதிப்பு, ஆண்டு, ஆலைக் குறி, உலோகம், எடை, இரு பக்க போட்டோ... இவ்வளவு போதும். இந்த வெள்ளி ரூபாய் சுமார் 11.66 கிராம் இருக்கணும். காந்தத்தில் ஒட்டினால் போலி. குறி சரியாகத் தெரியலைனா கேள்விக்குறி போட்டு வைங்க, ஊகிச்சு எழுதாதீங்க. முக்கியமா, புளி போட்டு விளக்கிடாதீங்க. காசு பளபளக்கும், மதிப்பு இறங்கிடும்.

பழைய காசை வாங்குவதாக, ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி கமிஷன், வரி கேட்கும் மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்தது. ‘முதல்ல பணம் அனுப்புங்க’னு யாராவது சொன்னா, போனை வெச்சிடுங்க.

ஒரே உருவத்தில் சங்கரனையும் நாராயணனையும் பிரித்துப் பார்க்கிற ஊர்க்காரங்களுக்கு, ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறதா கஷ்டம்?