எலி பிடிக்கும் பூனையை எலி மருந்துக்குப் பலி கொடுக்கலாமா?

நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியை அடக்கப் பூனை வளர்ப்பது நெடுநாள் வழக்கம். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனின் அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைக் கண்டதாக ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் அறிவித்தனர். மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, தெருநாய், மூடாத கிணறு ஆகியவை பூனைக்குக் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தெரியாத ஆபத்து, எலிக்கு நாமே வைக்கும் மருந்து.

மருந்து தின்ற எலி

புரோமடயலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்து, உடலுக்குள் ரத்தம் கசிந்து சாகிறது. தள்ளாடும் எலி பூனைக்குச் சுலபமான இரை. அத்தகைய எலிகளைத் தின்னும் பூனையின் ரத்தமும் உறையாமல் போகும். சோர்வு, ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். காலம் தாழ்த்தாமல் டாக்டரிடம் கொண்டு போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மருந்தின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. துத்தநாக பாஸ்பைடுக்கோ மாற்று மருந்தே கிடையாது.

எனவே பூனை உள்ள வீட்டில் கூண்டுப் பொறியே நல்லது. மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். கதவிடுக்கில் தகடு அடியுங்கள். வயலில் மருந்து வைக்க நேர்ந்தால், செத்த எலிகளைத் தேடி ஆழப் புதைத்து, மீந்த மருந்தை அகற்றும் வரை பூனையை வெளியே விடாதீர்கள்.

வீட்டுக்குள் வைக்கும் முறை

சும்மா அடைத்து வைத்தால் பூனை கத்தும், பாயைக் கிழிக்கும். அதற்கும் வேலை வேண்டும். ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுகச் சுற்றி நிறுத்தினால் அதில் நகத்தைத் தீட்டிக்கொள்ளும். கம்பி வலை அடித்த ஜன்னலோரம் ஒரு பலகை பொருத்தினால் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். காலையும் மாலையும் பத்து நிமிடம் கோழி இறகைக் குச்சியில் கட்டி ஆட்டுங்கள். பிறகு நூலை எடுத்துவிட வேண்டும்; விழுங்கினால் குடலில் சிக்கும்.

ஒரு பூனைக்கு இரண்டு மண் தட்டு வையுங்கள். கழிவைத் தினமும் அகற்றுங்கள். அதிலிருந்து டாக்சோபிளாஸ்மா கிருமி பரவக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

தீனியும் மருந்தும்

தயிர்ச் சோறு மட்டும் போதாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் மீனை வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் வரும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்.

மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். பெர்மெத்ரின் போன்றவை அதற்கு வலிப்பை உண்டாக்கும். தொழுவத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினால், தரை நன்கு காயும் வரை பூனையை விடக் கூடாது. காலை நக்கும்போது விஷம் உள்ளே போகும். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட அதன் உயிரைக் குடிக்கும்.

மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தொடர வேண்டும். பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் விரைவில் பெருகும். ஐந்தாவது மாத வாக்கில் கருத்தடை செய்துவிட்டால் கடுவனும் ஊர் சுற்றுவது குறையும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மூடியுள்ள கூடையில் வைத்துக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த அறுவடை நெல் வீட்டுக்கு வருமுன் பொறியும் தகடும் தயாராக இருக்கட்டும். மீதியைப் பூனை பார்த்துக்கொள்ளும்.