பதின்மூன்று வயதுக்குப் பிறகு எந்த நூலைக் கொடுப்பது?

கோப்பெங் போன்ற ஒரு சிற்றூரில் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவன் தமிழைத் தடையின்றி வாசிப்பான், கட்டுரை எழுதுவான், மேடையேறிக் கதையும் சொல்வான். அடுத்த ஆண்டு அவன் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் அமர்கிறான். ஆறாண்டுகள் பயிற்று மொழியாக இருந்த தமிழ் அங்கே ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால்தான் அந்தப் பாடமும் ஏற்பாடு செய்யப்படும்.

நம் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோரை நாம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. காரணம் சோம்பலன்று, மொழிப்பற்று குறைந்துவிட்டதும் அன்று. பதின்மூன்று வயதுக்காரன் கையில் கொடுக்க நம்மிடம் நூல் தயாராக இல்லை. சிறுவர் கதைகள் அவனுக்குச் சின்னச் சட்டை போலாகிவிட்டன. பெரியவர்களின் நாவல்களோ இன்னும் தொளதொளவென்று நிற்கின்றன. அதே வயதில் மலாய் மொழிப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் அவனுக்கு நாவல்கள் காத்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் அவ்விரு பாடங்களிலும் இலக்கியம் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. தமிழ் இலக்கியமோ எஸ்.பி.எம். தேர்வில் விரும்பியோர் மட்டும் எடுக்கும் தனிப்பாடம். ஆகவே மலாயிலும் ஆங்கிலத்திலும் நாவல் வாசித்துவிட்டு, தமிழில் ஒரு நாவலைக்கூடத் தொடாமலே ஒரு மாணவன் பள்ளி வாழ்க்கையை முடித்துக்கொள்ள முடியும்.

இந்த இடைவெளியை நிரப்ப அரசாணையோ மானியமோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நூலைப் படித்தவர் ஒருவர், படிக்கக்கூடிய இன்னொருவருக்கு அதைச் சரியாக எடுத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இளையோர் புனைவு என்றால் என்ன?

ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதப்படும் கதைகளையே இளையோர் புனைவு என்கிறோம். அமெரிக்காவில் எஸ். இ. ஹின்டன் பதின்ம வயதிலேயே எழுதி 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை இவ்வகையின் முன்னோடியாகக் குறிப்பிடுவார்கள். நம் நாட்டிலும் ஹன்னா அல்காஃப் 2019இல் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். 1969 மே 13 கலவரத்தின்போது கோலாலம்பூரில் தாயைத் தேடி அலையும் ஒரு பள்ளி மாணவியின் கதை அது. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன், 1941ஆம் ஆண்டுச் சென்னையை வைத்து 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' என்ற நாவலை 2008இல் ஆங்கிலத்தில் எழுதினார். ஆண்கள் மட்டுமே ஏறிச்செல்லும் மாடியில் ஒரு நூலகம். அதற்குள் நுழைய விரும்பும் ஒரு பெண். நம்முடைய கதைதான், ஆனால் நம் மொழியில் எழுதப்படவில்லை!

வயது மட்டும் இவ்வகையைத் தீர்மானிப்பதில்லை. பார்வைதான் தீர்மானிக்கிறது. இளையோர் புனைவில் கதையின் கண் இளையவனுடையது. முடிவெடுப்பவனும் அதன் விலையைக் கொடுப்பவனும் அவனே. பெரியவர் ஒருவர் இறுதி அத்தியாயத்தில் வந்து நீதி சொல்லிச் சிக்கலை அவிழ்த்துவிட்டால், அது சிறுவர் கதையாகவே நின்றுவிடும்.

தமிழில் இவ்வகை இல்லையா?

பெயர்தான் புதிது, நூல்கள் இருந்துகொண்டேதான் வந்திருக்கின்றன. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளும், வாண்டுமாமாவின் கதைகளும், 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் இரண்டு மூன்று தலைமுறை இளையோரை வளர்த்தவை. அவற்றைத் தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தவர்கள் நம் முன்னாள் மாணவர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவற்றை யாரும் 'இளையோர் இலக்கியம்' என்று தனி அடுக்கில் வைக்கவில்லை. அடுக்கு இல்லாததால் விமர்சனமும் இல்லை. விமர்சனம் இல்லாததால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள்கூடத் தெரியவில்லை.

அண்மைக் காலத்தில் நிலை மாறி வருகிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனி விருது வழங்குகிறது. அவ்விருதைப் பெற்ற தமிழ் நூல்களில் சில, பதின்ம வயதினரும் ஆர்வத்தோடு படிக்கக்கூடியவை.

நூலை எப்படி எடுத்துச் சொல்வது?

திறனாய்வு வேறு; பரிந்துரை வேறு. திறனாய்வாளர் நூலைப் பார்த்துப் பேசுகிறார். பரிந்துரைப்பவர் நூலையும் பார்க்க வேண்டும், எதிரில் நிற்கும் வாசகனையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நூல் கொடுத்துப் பழகியதில் எனக்குப் பிடிபட்ட சில நெறிகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, 'நல்ல நூல்' என்று மட்டும் சொல்லக்கூடாது. யாருக்கு நல்லது என்று சொல்ல வேண்டும். காற்பந்து விளையாட்டும் கைப்பேசியுமாக இருப்பவனுக்குக் கொடுக்கும் முதல் நூல் வேறு. கவிதை எழுதிப் பார்ப்பவளுக்குக் கொடுப்பது வேறு.

இரண்டாவது, மொழித் தடையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மதுரை வழக்கோ கொங்கு வழக்கோ பேராக்கில் பிறந்த பிள்ளைக்கு அந்நியமாகவே இருக்கும். "முதல் பத்துப் பக்கம் பேச்சு புரியாமல் தடுமாறும், பிறகு பழகிவிடும்" என்று சொல்லிக் கொடுத்தால் பொறுமையோடு படிப்பான். சொல்லாமல் கொடுத்தால், தன் தமிழ் போதாது என்று நினைத்து மூடிவைத்துவிடுவான். ஒரு வாசகனை நிரந்தரமாக இழக்க அந்த ஓர் எண்ணம் போதும்.

மூன்றாவது, பக்க அளவு. முதல் நாவல் மெலிந்ததாக இருக்கட்டும். ஒரு நாவலை முழுமையாகப் படித்து முடித்தேன் என்ற பெருமிதமே அடுத்த நாவலுக்கு அழைத்துச் செல்லும்.

நான்காவது, வன்முறை, பாலியல், சாதிக் கொடுமை ஆகியவை நூலில் இருந்தால் மறைக்க வேண்டாம். அதற்காக நூலையே மறைக்கவும் வேண்டாம். இன்னது வருகிறது, இன்ன வயதுக்கு மேல் படிக்கலாம் என்று சொன்னால், பெற்றோரும் நம்புவார்கள், பிள்ளையும் நம்புவான்.

ஐந்தாவது, முடிவைச் சொல்லாதீர்கள், படிப்பினையையும் சொல்லாதீர்கள். நம் மாணவர் கட்டுரைகளில் "இந்நாவல் உணர்த்தும் படிப்பினை யாதெனில்" என்று ஒரு பத்தி தவறாமல் வரும். தேர்வுக்கு அது உதவும். நூலைப் படிக்கும் ஆசையை எழுப்ப உதவாது. கதை தொடங்கும் சிக்கலை மட்டும் இரண்டு வரியில் சொல்லி நிறுத்தினாலே போதும்.

ஆறாவது, குறையையும் சொல்ல வேண்டும். எல்லா நூலையும் 'அருமை' என்பவரின் சொல்லுக்கு மூன்றாவது நூலில் மதிப்பு போய்விடும்.

சில பரிந்துரைகள்

மேலே சொன்ன நெறிகளின்படி சில நூல்களை அறிமுகப்படுத்துகிறேன்.

பன்னிரண்டு வயதை ஒட்டியவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பறவை முட்டைகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு சிறுவனின் உலகம் இது. சிறிய நூல். கரிசல் வழக்கு சற்றே தடுக்கும். அறிவுரை சொல்லாமல் இயற்கையைக் காட்டுவது இதன் சிறப்பு. திடுக்கிடும் திருப்பங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே.

அதே வயதில் சாகசம் வேண்டுவோருக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. இமயத்துப் பனியில் தெரிந்த பெரிய காலடித் தடத்தைத் தொடர்ந்து செல்லும் பயணம். நாளிதழின் சிறுவர் பகுதியில் தொடராக வந்ததால் ஒவ்வொரு பகுதியும் ஆவலைத் தூண்டி நிற்கும். மொழி எளிமையானது. இடையிடையே அறிவியல், தத்துவ விளக்கங்கள் கதையின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் பலருக்கு அவையே பிடித்துப்போகும்.

வரலாற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருது பெற்றது. கீழடி அகழாய்வை ஒட்டி, இன்றைய சிறுவன் ஒருவனைப் பழந்தமிழர் வாழ்க்கைக்குள் அழைத்துச் செல்கிறது. தகவல்கள் சில இடங்களில் கதையை முந்திக்கொள்கின்றன.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றது. வெளியே சொல்ல முடியாத ஒரு பாலியல் தொல்லையில் தவிக்கும் சிறுமிக்குப் பேசும் மரப்பாச்சி துணை வருகிறது. பெற்றோர் முதலில் தாங்கள் படித்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து படிப்பது நல்லது.

பதினான்கு, பதினைந்து வயதினருக்கு சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959). தந்தையின் உயிரைக் குடித்த காளையை அடக்கவென்றே வாடிவாசலுக்கு வந்து நிற்கிறான் பிச்சி. கதை ஒரே மாலைப் பொழுதில் நடந்து முடிகிறது, நூலும் மெலிந்ததே. வழக்குச் சொற்களைத் தாண்டிவிட்டால் கீழே வைக்க முடியாது. வாசிப்பு பிடிக்காது என்று சொல்லும் பையன்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

பதினாறுக்கு மேற்பட்டோருக்கு மூன்று நூல்கள். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977), இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரிந்த ஓர் இளைஞன் வரலாற்றின் நடுவே தள்ளப்படுவதைச் சொல்கிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் நட்பையும் அதைச் சூழ்ந்த சாதியையும் காட்டுகிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) நம் மண்ணின் நாவல். சப்பானியர் ஆட்சியில், 1942-43இல், 415 கிலோ மீட்டர் சயாம் மரண இரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் துயரம் அதில் பதிவாகியிருக்கிறது. கனமான நூல். ஆனால் தன் கொள்ளுத் தாத்தா தலைமுறைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது.

நம் மண்ணில் காத்திருக்கும் கதைகள்

மேலே உள்ள பட்டியலில் மலேசிய நூல் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இளையோருக்கென்று எழுதப்பட்டதன்று. மலேசியத் தமிழ் நாவலின் வரலாறு 1917இல் வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' நாவலோடு தொடங்கியது. நூறாண்டைக் கடந்த அந்த வரலாற்றில் பதின்ம வயதினருக்கான பங்கு மிகச் சிறியது. கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற மர்ம நாவல்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியிருப்பதும், மூத்த எழுத்தாளர் கோ. புண்ணியவான் சிறுவர் நாவல் பக்கம் வந்ததும் நம்பிக்கை தருகின்றன. இவற்றைப் பற்றி நாம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

கதைக்களத்துக்குப் பஞ்சமா? கோப்பெங்கைச் சுற்றி மட்டும் பாருங்கள். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் ஓய்ந்துபோன கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள், அவை விட்டுச்சென்ற குட்டைகள். மலையைக் குடைந்து செல்லும் தெம்புருங் குகை. பத்து காஜா சாலையில் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகை. அதைக் கட்ட மதராசிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களும், அவர்கள் வழிபட்ட அருகிலுள்ள மாரியம்மன் கோயிலும் சுற்றுலாக் கையேட்டில் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள். ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்து, லயம் போய் அடுக்கு வீடு வந்தபோது, பதின்மூன்று வயதில் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு பிள்ளையின் கண்ணில் அந்த நாள் எப்படித் தெரிந்திருக்கும்? அதை எழுத வேண்டியவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுள் இருக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் சிறுகதைக்குச் செய்திருப்பது சிறிய பணியன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'பேரவைக் கதைகள்' போட்டி எத்தனையோ எழுத்தாளர்களை அடையாளம் காட்டியது. அதே உழைப்பில் ஒரு பங்கை இளையோர் வாசிப்புக்கும் தரலாம். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு இரண்டு நூல்களைப் படித்து, நூலுக்கு ஒரு பக்கம் என்று நேர்மையான பரிந்துரை எழுதட்டும். அவற்றைத் தொகுத்துத் தாங்கள் படித்த இடைநிலைப்பள்ளியின் தமிழாசிரியரிடம் கொடுக்கட்டும். முன்னாள் மாணவர்கள் அப்பட்டியலில் உள்ள நூல்களில் ஐந்தையாவது வாங்கி அந்தப் பள்ளி நூலகத்துக்கு அனுப்பட்டும். பட்டியல் மட்டும் போய் நூல் போகாவிட்டால் பயனில்லை. நூல் மட்டும் போய் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் அது பூட்டிய அலமாரியில்தான் கிடக்கும்.

படிவம் ஒன்றில் தமிழ் வகுப்புக்குப் பதினைந்து பேர் சேர வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஒரு நாவல் கைமாற இரண்டு பேர் போதும்.