ஆட்டத்தின் பின்னே (தொடர்): ஷீஷ் மஹலில் ஒரு முகமூடி

உதய சங்கரின் ‘கல்பனா’வோடு (1948) சென்ற வாரம் நின்ற இத்தொடர், அறிவித்தபடி இவ்வாரம் நடிகை ஹெலனின் காபரே நடனத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இந்தி சினிமாவில் நடனம் கதைக்குள்ளிருந்து கதைக்கு வெளியே நகர்ந்த வரலாற்றை ‘முகல்-ஏ-ஆஸம்’ (1960) படத்தைத் தாண்டிக் குதித்துச் சொல்ல முடியாது என்பதால் ஹெலன் சற்றுக் காத்திருக்க நேர்கிறது.

தமிழில் ‘அக்பர்’ என்ற பெயரில் 1961இல் வந்து ஓடாமற்போன இப்படத்தில், சக்கரவர்த்தி அக்பரின் முகத்துக்கு நேரே, இளவரசன் மீதான தன் காதலை அறிவிக்க அவை நடனக்காரி அனார்கலிக்கு வசனம் தரப்படவில்லை, நடனமே தரப்பட்டது. அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டால் அக்பரின் சினத்துக்கும் அதன்பின் நிகழ்வனவற்றுக்கும் காரணமே இல்லாமற்போகும். இயக்குநர் கே. ஆசிஃப் இதற்கென பம்பாய் மோகன் ஸ்டுடியோவில் எழுப்பிய ஷீஷ் மஹல், அதாவது கண்ணாடி மாளிகை, லாகூர்க் கோட்டையிலுள்ள மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டது. லாகூரில் அதைக் கட்டுவித்தவர் அக்பரின் பேரன் ஷாஜகான் ஆதலால் அக்பர் முன்னிலையில் அங்கே எவரும் ஆடியிருக்க வழியில்லை. ஆசிஃப் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வாறு விட்டதில் திரைக்கு நட்டமும் இல்லை. பெல்ஜியக் கண்ணாடிகள் விளக்கொளியைக் காமிராவின் மீதே திருப்பியடித்தமையால், ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் விளக்குகளை நேரே பாய்ச்சாமல், துணியில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளியைக் கொண்டே அக்காட்சியை வண்ணத்தில் படமாக்கினார்.

அந்த மாளிகையில் ஆடியவர் யார் என்பதில்தான் வியப்பு இருக்கிறது. நடனத்தை அமைத்தவர் லக்னோ கரானாவின், அதாவது அவ்வூர்க் குருபரம்பரையின், கதக் மேதை லச்சு மகராஜ். அனார்கலியாக நடித்த மதுபாலாவோ கதக்கை முறையாகப் பயின்றவர் அல்லர் என்பதோடு, பிறவியிலேயே இதயத்தில் துளை உடையவர். ஆகவே ‘சக்கர்’ எனப்படும் விரைவுச் சுழற்சிகள் வரும் தொலைவுக் காட்சிகளில் அனார்கலியாகச் சுழன்றவர் லட்சுமி நாராயண் என்னும் ஆண் நடனக் கலைஞர். அவர் அணிந்திருந்தது, சிற்பி பி.ஆர். கேட்கர் மதுபாலாவின் முகத்தை அச்சாக வடித்துத் தந்த முகமூடி. இந்தித் திரையில் ஒரு பெண் அரசாணையை மீறியதாக அதிகம் கொண்டாடப்படும் காட்சியில், மாளிகைக் கண்ணாடிகள் எல்லாம் பெருக்கிக் காட்டிய உருவம் சில கணங்களுக்கேனும் ஓர் ஆணின் உடல் என்பதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு அடங்குவதில்லை.

முகம் மதுபாலாவினுடையது, குரல் லதா மங்கேஷ்கருடையது, சுழன்ற கால்கள் லட்சுமி நாராயணுடையவை என்று ஒரே பாத்திரம் மூவரால் ஆகியிருக்க, அம்மூவரில் புகழ் எட்டாதவர் ஆடியவரே. பிலிம்ஃபேர் நிறுவனம் பின்னணிப் பாடகருக்கான விருதை 1959இல் தொடங்கி அதை முதலில் லதாவுக்கே வழங்கியது. நடன அமைப்புக்கு விருது வரவோ 1989 வரை, ‘தேஸாப்’ படத்துக்காக சரோஜ் கான் அதை முதன்முதலாகப் பெறும்வரை, முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அவ்விடைவெளியில்தான் நடனம் அரசவையை விட்டு வில்லனின் மதுவிடுதிக்கு இடம்பெயர்ந்தது. ‘ஜுவல் தீஃப்’ (1967) போன்ற படங்களில் பரதநாட்டியம் பயின்ற வைஜயந்திமாலாவை நடன அமைப்பாளர் சோஹன்லால் ஆட்டுவித்தபோது கதாநாயகியே ஆடும் வழக்கம் உயிரோடுதான் இருந்தது. ஆயினும் உடலைக் காட்டும் ஆட்டம் கதாநாயகிக்கு ஆகாது என்ற தயக்கத்தால் அதற்கெனத் தனியாக ஒரு நடிகை வைக்கப்பட்டு, கதையில் அவருக்கு ஒரு பாடல் நேரம் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு பாடலையே தம் ஆட்சிப்பரப்பாக ஆக்கிக்கொண்ட ஹெலனும், ‘காரவான்’ (1971) படத்தில் அவருக்கு நடனம் அமைத்த பி.எல். ராஜும் அடுத்த வாரம் தவறாமல் வருவர்; சோஹன்லாலிடம் தொழில் கற்ற சரோஜ் கானுக்கு அதிலேயே இடம் கிடைக்குமா என்பது ஹெலன் எவ்வளவு பக்கங்களை எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

(தொடரும்)