மஞ்சளுக்கு அடியில் என்ன இருக்கிறது?

1961-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் லூயிவில் தொழிற்சாலையிலிருந்து ஒரு குட்டி டிராக்டரைச் சந்தைக்கு அனுப்பியது. பெயர் கப் கேடட். கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். அதே ஆலையில் தயாரான ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரின் வழிவந்த கியர்பெட்டி. உடம்பெங்கும் மஞ்சளும் வெள்ளையும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வண்டிகள் அங்கே பழைய கொட்டகைகளில் கிடைக்கின்றன. வாங்கிவந்து புதுப்பிக்கிறவர்கள் முதலில் தேடி அலைவது அந்த மஞ்சளின் சரியான சாயலைத்தான். சாயல் முக்கியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்குமா, இருபது ஆண்டு தாங்குமா என்பதை மஞ்சள் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடியில் இருக்கும் பிரைமரும், அதற்கும் அடியில் இருக்கும் இரும்பின் சுத்தமும்தான் தீர்மானிக்கின்றன.

தோட்ட டிராக்டர் என்பதே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையின் பிள்ளை. நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு. புல் வெட்டவும், பனி தள்ளவும், காய்கறிப் பாத்தி உழவும் ஒரே வண்டி. இண்டியானா மாநிலத்தில் எல்மர் பாண்ட் 1946-ல் தொடங்கிய தொழில் வீல் ஹார்ஸ் என்ற சிவப்பு வண்டியாக வளர்ந்தது. 1963-ல் ஜான் டீரின் பச்சை நிற 110 வந்தது. 1969-ல் அதே ஜான் டீர் வெள்ளை உடலில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என நான்கு நிற மூடிகளும் இருக்கைகளும் கொண்ட ‘பேட்டியோ’ வரிசையை விற்றுப் பார்த்தது. பச்சைக்குப் பழகிய வாடிக்கையாளர்களிடம் அது எடுபடவில்லை. சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. இன்று சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவது அந்த வண்டிகளைத்தான்.

இவற்றுக்கு ஆலையில் பூசப்பட்டவை பெரும்பாலும் ஆல்கைடு எனாமல்கள். 1923-ல் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காக டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தபோது, வாரக்கணக்கில் காயவேண்டிய வண்ணம் சில மணி நேரத்தில் காய்ந்தது. அந்த லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வது. எனவே தின்னரைத் தொட்டால் மறுபடியும் கரையும். அதே பத்தாண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ராய் கீன்லே உருவாக்கிய ஆல்கைடு பிசினின் குணம் வேறு. அதில் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கும். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். ஆலையில் உலையில் சுட்டதால் அந்தப் பின்னல் சீக்கிரமே முழுமையடைந்தது. வீட்டுக் கொட்டகையில் உலை கிடையாது. அதே எனாமல் அங்கே மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும்.

வேலை தொடங்குவது பழைய பெயின்ட்டை உரிப்பதில். முதல் ஆபத்தும் அங்கேதான். அந்தக் காலத்தின் பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் பல இடங்களில் லெட் குரோமேட் என்ற நிறமியால் வந்தவை. ஒரே சேர்மத்தில் ஈயமும் உண்டு, ஆறு இணைதிறன் குரோமியமும் உண்டு. ஒன்று நரம்பு மண்டலத்துக்குக் கேடு; மற்றது புற்றுநோய்க் காரணி. அமெரிக்கா 1978-ல் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது. ஆனால் விவசாய இயந்திரங்களின் மறுபூச்சுக்கும், புல்வெளி, தோட்டக் கருவிகளின் ஒட்டுப்பூச்சுக்கும் எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என அந்த விதியே விலக்கு அளித்தது. ஆகவே ‘இது எழுபத்தெட்டுக்குப் பிந்தைய வண்டி, பயமில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பரிசோதிக்காத பழைய பெயின்ட்டைக் கிரைண்டர் வைத்துத் தூசியாகப் பறக்கவிடக் கூடாது. ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதுவரை ஈரம் வைத்துத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமலிருப்பதும்தான் வழி.

அடுத்தது துரு. இரும்பும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் உலோகப் பரப்பிலேயே நுண்ணிய மின்கலங்கள் உருவாகின்றன. ஒரு புள்ளி எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. விளையும் துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் உப்பி எழும்புகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புத் துருவோ நீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடியில் அரிப்பு ஓயாமல் நடக்கும்.

தோட்ட டிராக்டரில் இது எங்கே தொடங்கும் என்பதைப் பழக்கப்பட்டவர்கள் பார்க்காமலே சொல்வார்கள். புல்வெட்டும் தட்டின் உட்புறம்: ஈரப்புல் ஒட்டி, அப்பி, காயாமலே கிடக்கும் இடம். அடுத்து பேட்டரித் தட்டு. பேட்டரியிலிருந்து கசிந்த சல்ஃப்யூரிக் அமிலம் அங்கே தகட்டைச் சல்லடையாக்கியிருக்கும். அந்தத் தட்டைச் சமையல் சோடா கரைத்த நீரால், நுரை அடங்கும்வரை கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் செய்ய வேண்டும். உலோகத் துளைகளில் தங்கிய துளி அமிலம், அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமரைப் பூசினாலும் கீழேயிருந்து தள்ளிவிடும்.

மூலை முடுக்குகள் கொண்ட பாகங்களுக்கு மின்பகுப்புத் தொட்டி மிக அருமையான முறை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்தில், நேர்முனை ஏதோவொரு பழைய இரும்புத் தகட்டில். மின்சாரம் பாய்ந்ததும் பாகத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழ்கள் எழும்பும். அது ஹைட்ரஜன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் செந்துரு போய், கறுப்பாக, பிரஷ் பட்டாலே உதிரும் படலம் மட்டும் மிஞ்சியிருக்கும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. கண்டிப்பான விதிகள் சில உண்டு. தொட்டி திறந்தவெளியில் இருக்க வேண்டும். கையை விடுமுன் சார்ஜரை அணைக்க வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைக் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்.

மணல் வீச்சு இதைவிட வேகமானது. சேஸிஸ், சக்கரம் போன்ற கனத்த பாகங்களுக்குப் பொருந்தும். பானட் போன்ற மெல்லிய தகட்டில் அழுத்தத்தைக் கூட்டினால் தகடு அலையலையாக நெளியும். பிறகு எந்த டிங்கர் வேலையும் அதை முழுதாக நேராக்காது. சாதாரண ஆற்றுமணல் கூடாது. அதன் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது.

இப்படி வெளுத்தெடுத்த இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி பழுப்பேறத் தொடங்கும். பிரைமர் அன்றைக்கே ஏற வேண்டும். எந்தப் பிரைமர்?

கடையில் முதலில் கைக்கு வருவது ரெட் ஆக்சைடு. இதில் ஒரு வேதியியல் விசேஷம்: அந்தச் செந்நிற நிறமியும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் உறவுதான். ஆனால் பிசினுக்குள் அடைபட்ட அந்தத் துகள்கள் மேற்கொண்டு வினைபுரியாது. மலிவு, பூசச் சுலபம். உழைக்கும் வண்டிக்கு, நன்கு தேய்த்த இரும்பின்மேல், ஆல்கைடு எனாமலுக்கு அடியில் இது தாராளமாகப் போதும். துத்தநாகம் பூசிய தகட்டில் மட்டும் நேரடியாக ஆல்கைடு வேண்டாம். துத்தநாகம் ஆல்கைடின் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறும். பூச்சு ஏடாக உரியும்.

இரண்டாவது, எட்ச் பிரைமர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை கப்பல்களுக்குப் பயன்படுத்திய பூச்சுகளின் வாரிசு. பாலிவினைல் பியூட்டிரால் பிசினோடு பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. அமிலம் உலோகப் பரப்பை லேசாக அரித்து, பாஸ்பேட் படலமாகப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான அலுமினியத்தில் இதன் பிடிப்பு அபாரம். ஆனால் படலம் மிக மெல்லியது, தண்ணீரைத் தடுக்காது. எட்ச் பிரைமர் அடித்த பாகத்தை மேற்பூச்சில்லாமல் பல நாள் போட்டுவைப்பது அதைத் துருவுக்குத் தாரைவார்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது எபாக்சி. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் 1930-களில் பல்செட்டு செய்வதற்கான பொருளைத் தேடியபோது உருவாக்கிய பிசின்களும், அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பூச்சுக்காக உருவாக்கியவையும் இதன் முன்னோர். பிசின் ஒரு டப்பா, அமீன் வகை இறுக்கி ஒரு டப்பா. இரண்டும் கலந்ததும் மூலக்கூறுகள் முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்ளும். காற்றுக்காகவோ கரைப்பான் போவதற்காகவோ காத்திருப்பதில்லை, வேதிவினையே இறுக்குகிறது. நீரும் ஆக்சிஜனும் இதன் வழியே ஊடுருவுவது கடினம். 80-ஆம் எண் உப்புத்தாளால் கீறிய வெற்று இரும்பில் இது பிடிப்பதுபோல் மற்ற இரண்டும் பிடிப்பதில்லை. பட்டி வைப்பதானாலும் எபாக்சிக்கு மேலேயே வைக்கலாம். இரும்பு ஒரு கணமும் வெளியே தெரியாது. குறை ஒன்று: வெயிலின் புற ஊதாக் கதிரில் எபாக்சி சுண்ணாம்புபோல் மாவாகும். மேற்பூச்சு கட்டாயம். தயாரிப்பாளர் குறிப்பிடும் நாட்களுக்குள் அந்த மேற்பூச்சு ஏறிவிட வேண்டும். தாண்டினால் மீண்டும் தேய்த்துக் கீறினால்தான் பிடிக்கும்.

பலர் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து எட்ச் பிரைமரின் மேல் எபாக்சியை அடிக்கிறார்கள். எட்சில் மிஞ்சும் அமிலம் எபாக்சியின் அமீன் இறுக்கியோடு வினைபுரிந்து, வலை முழுதாகப் பின்னாமல் கெடுத்துவிடக்கூடும். தயாரிப்பாளரின் தாளில் அனுமதி இல்லையென்றால் இந்த இரண்டையும் சேர்க்கவே வேண்டாம். அடியிலிருந்து மேல்வரை ஒரே நிறுவனத்தின் பொருட்களாக வாங்குவதுதான் பாதுகாப்பு.

மேற்பூச்சில் தேர்வு இரண்டுக்குள் அடங்கும். ஒன்று அந்தக் கால ஆல்கைடு எனாமல். விலை குறைவு, பழைய வண்டியின் அடக்கமான பளபளப்பு அப்படியே வரும், கீறினால் திருத்துவதும் சுலபம். ஆனால் முழுதாக இறுகுமுன் பெட்ரோல் சிந்தினால் டேங்க் மூடியைச் சுற்றி நிறம் மென்மையாகிச் சுருங்கும். பாதி இறுகிய நிலையில் அடுத்த கோட் அடித்தாலும் இதே கதிதான். புதிய கரைப்பான் பழைய படலத்தை ஊதவைத்து மேற்பரப்பு சுருக்கம் விழும். ஸ்பிரே டப்பாக்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குப் பின்’ என்று அச்சடித்திருப்பது இதனால்தான்.

மற்றது இரண்டு பாகப் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசெனில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த வேதியியலின் வழிவந்தது. பெட்ரோல், வெயில், உரம் எதற்கும் அசையாது. அதன் இறுக்கியில் இருப்பவை ஐசோசயனேட்டுகள். 1984-ல் போபாலில் கசிந்த மெதில் ஐசோசயனேட் இதே வேதிக் குடும்பம். பெயின்ட்டில் இருப்பது அது அல்ல. எளிதில் ஆவியாகாத வேறு சேர்மம். ஆனால் ஸ்பிரே கன் அதைப் பனிமூட்டமாக்கும்போது நுரையீரலுக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் எட்டுகிறது. அபாயத்தை எச்சரிக்கும் வாசனை இல்லை. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு அற்ப அளவும் கடும் ஆஸ்துமாவைத் தூண்டும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தரும் முகமூடியைத்தான் பாதுகாப்பு வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். பலருக்குத் தெரியாத விஷயம்: டிராக்டர் எனாமல் சீக்கிரம் காய, கூடுதல் பளபளப்புத் தர என்று விற்கப்படும் சின்ன டப்பா இறுக்கிகளிலும் பெரும்பாலும் இதே ஐசோசயனேட்தான் இருக்கிறது.

மஞ்சளுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. லெட் குரோமேட் ஒளி ஊடுருவாத நிறமி. ஒரே கோட்டில் அடித்தளத்தை மறைத்துவிடும். அதன் இடத்தைப் பிடித்த ஈயமற்ற கரிம மஞ்சள்களுக்கு அந்த மறைப்புத்திறன் இல்லை. கறுப்பு எபாக்சியின்மேல் இரண்டு கோட் மஞ்சள் அடித்துவிட்டுப் பார்த்தால் விளிம்புகளில் பச்சை கலந்த மங்கல் தெரியும். ஆகவே மஞ்சள் வண்டிக்கு வெள்ளைப் பிரைமர். பச்சைக்குச் சாம்பல் போதும்.

இன்ஜினுக்கு விதி வேறு. காற்றால் குளிரும் கோலர் இன்ஜினின் குளிர்விப்புத் தகடுகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த பூச்சு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். சுமார் 260 டிகிரி செல்சியஸ் தாங்கும் இன்ஜின் எனாமல் அங்கே போதும். சைலன்சருக்குச் சிலிக்கோன் பிசின் கொண்ட, 650 டிகிரி வரை தாங்கும் பூச்சு; அது சூடேறிய பிறகே கெட்டியாகும்.

கடைசியாக வானிலை. இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் ஸ்பிரே கன்னைத் தொட வேண்டும். சாயங்காலம் அடித்து இரவில் பனி இறங்கினால் பளபளப்பு வெளுத்துப் போகும். ஸ்டிக்கர்களை எனாமல் முழுதாக இறுகும்வரை ஒட்டக் கூடாது. அடியிலிருந்து வெளியேறும் கரைப்பான் ஸ்டிக்கரைக் குமிழாக உயர்த்தும்.

வாரந்தோறும் புல் வெட்டப்போகும் வண்டிக்கு எபாக்சிப் பிரைமரும், இறுக்கி சேர்க்காத நல்ல எனாமலும் போதும். குழாய்க் காற்று முகமூடி இல்லாத கொட்டகையில் அதைத் தாண்டிப் போகவே வேண்டாம். கண்காட்சிக்குப் போகும் வண்டிக்குப் பாலியூரித்தேன் வேண்டுமென்றால், அந்த ஒரு கோட்டை மட்டும் முறையான ஸ்பிரே அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடிப்பதே சரி. துரு எடுப்பதும் பிரைமர் அடிப்பதும் அதற்கு முன்பே வீட்டில் நிதானமாக முடித்துவிடக்கூடிய வேலைகள். பெயின்ட்டுக்கு ஒதுக்கிய பணம் குறைந்தால் மேற்பூச்சில் குறையுங்கள், பிரைமரில் குறைக்காதீர்கள்.